முதலில் அசைந்த கோடு

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் (EEG) பிரிவில் தொழில்நுட்பராகச் சேர்ந்த நாள் முதல் என் வேலை ஒரே கேள்வியைச் சுற்றியே நடக்கிறது: இவருடைய வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது? வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்துகளால் வலிப்பு முழுமையாக நிற்பதில்லை. தகுந்த இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் அடங்காதபோது, வலிப்பு பிறக்கும் பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்ற முடியுமா என்று மருத்துவர்கள் ஆராய்வார்கள். அந்தப் பகுதியைச் சரியாகக் காட்டினால்தான் அறுவையில் பொருள் உண்டு.

முதலில் தலைத்தோலின் மேல் பதிவு செய்கிறோம். மூக்குத்தண்டின் மேற்பள்ளத்திலிருந்து பிடரி எலும்பின் புடைப்பு வரை நாடாவால் அளந்து, அந்த நீளத்தில் 10, 20 சதவீத இடைவெளிகளில் பென்சிலால் குறியிட்டு, முடியை வகிர்ந்து, தோலைத் தேய்த்துத் துடைத்து, பசையோடு மின்முனைகளை ஒட்டுவோம். இவ்வளவு கவனமாக ஒட்டினாலும் மண்டையோட்டைத் தாண்டி வரும் சமிக்ஞை மிக மெல்லியது. மூளையின் மேலடுக்கான புறணியில் பல சதுர சென்டிமீட்டர் பரப்பு ஒருசேர இயங்கினால்தான் அது தோலின் மேல் தெரியும். ஆழத்தில் தொடங்கும் வலிப்பு மேலே தெரியவரும்போது, பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் வந்திருக்கும். போதாக்குறைக்கு, தாடையும் நெற்றியும் இறுகும்போது தசைகளின் மின்சாரமே பக்கம் முழுவதையும் கறுப்பாக்கிவிடும்.

தலைத்தோல் பதிவால் இடம் தெளிவாகாதவர்களுக்கே ஆழ் மின்முனைப் பதிவு. பாரிஸில் ழான் தலைராக், ழான் பாங்கோ என்னும் இருவர் 1950களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்தெடுத்த முறை இது. மண்டையோட்டில் சிறு துளைகளிட்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள மின்முனைகளை மூளைக்குள் செலுத்துவார்கள். ஒவ்வொன்றும் தன்மேல் உள்ள பதிவுப் புள்ளிகளான தொடுமுனைகளைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் திசுவைத்தான் நன்றாகக் கேட்கும். ஆகவே எங்கே வைப்பது என்பதை நோயாளியின் அறிகுறிகளைக் கொண்டு முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். ஊகிக்காத இடத்தில் மின்முனை இருக்காது. இதை நான் பாடமாகப் படித்திருந்தேன் என்றாலும், ஓர் இளம்பெண்ணின் பதிவுதான் எனக்கு இதை உண்மையில் புரியவைத்தது.

அவருக்குப் பொட்டுமடலில், அதாவது நெற்றிப்பொட்டின் உட்புறமுள்ள மூளைப் பகுதியில், மின்முனைகள் வைத்திருந்தார்கள். மருந்தைக் குறைத்து, கேமராவின் முன் இரவும் பகலும் காத்திருந்தோம். வலிப்பு வரக்கூடாது என்றே ஆண்டுக்கணக்கில் வேண்டிக்கொண்டிருந்த தாய், வந்தால் நல்லது என்று எங்களோடு சேர்ந்து காத்திருந்ததை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. மூன்றாம் நாள் அதிகாலையில் வலிப்பு வந்தது. பொட்டுமடலின் உட்புறத்தில் உள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் தொடுமுனைகளில் அலைகள் திடீரெனத் தட்டையாகி, நுண்ணிய வேகமான அதிர்வு எழுந்து, பிறகு மெல்லப் பெரிதாகிப் பரவியது. பாடப்புத்தகத்தில் பார்ப்பதுபோல் அவ்வளவு தெளிவு. நான் மகிழ்ச்சியோடு அங்கே தொடக்கக் குறியை இட்டேன்.

பதிவைப் பார்த்த மூத்த மருத்துவர் அலைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இவர் பொத்தானை எப்போது அழுத்தினார்?" என்று மட்டும் கேட்டார். வலிப்பு வருவதை உணர்ந்ததும் நோயாளி அழுத்த வேண்டிய பொத்தான் அது. காணொளியைப் பின்னோக்கி ஓட்டினேன். அந்தப் பெண் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, இடது கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பொத்தானை அழுத்துகிறார். அப்போது திரையில் எல்லாக் கோடுகளும் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தன. நான் குறியிட்ட மாற்றம் அதற்கு ஆறு விநாடி கழித்துத்தான் வருகிறது.

உடலில் அறிகுறி தோன்றிய பிறகே மின்மாற்றம் தெரிகிறதென்றால், வலிப்பு நம் மின்முனை இல்லாத வேறெங்கோ தொடங்கி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். நான் குறித்தது வலிப்பு வந்து சேர்ந்த இடத்தை. அந்தக் குறியை நம்பி ஹிப்போகாம்பஸை அகற்றியிருந்தால், நினைவாற்றலுக்கு வேண்டிய ஒரு பகுதியை அவர் இழந்திருப்பார், வலிப்பு தொடர்ந்திருக்கும். இதை எழுதும்போதும் என் கை சற்றுத் தயங்குகிறது.

தொண்டை இறுகும் உணர்வு இன்சுலாவை நினைவூட்டும் அறிகுறி. முன்மடலும் பொட்டுமடலும் மூடியிருக்கும் ஆழமான மடிப்பு அது. தலைத்தோலிலிருந்து அதன் குரலைக் கேட்பது மிகக் கடினம். முதல் விசாரிப்பிலேயே அவர் தொண்டையைப் பற்றிச் சொல்லியிருந்தார். அதைப் பதற்றம் என்று குறித்து, மேலே போயிருந்தோம்.

இன்சுலாவில் இரண்டு மின்முனைகளைக் கூடுதலாக வைத்தார்கள். அடுத்த வலிப்பின்போது நான் அலைகளைப் பார்க்கும் முன் காணொளியை ஒலியோடு ஓட்டி, அவர் கை தொண்டைக்குப் போகும் கணத்தில் நிறுத்திக் குறித்துக்கொண்டேன். அதன் பிறகே கோடுகளுக்குத் திரும்பினேன். இன்சுலாவின் மூன்று தொடுமுனைகளில் மட்டும் அந்த நுண்ணதிர்வு எழுந்திருந்தது. மற்றக் கோடுகளில் அசைவே இல்லை. கை தொண்டைக்குப் போனது அதற்கு நான்கு விநாடி பின்னால்.