தீயில் கான்கிரீட்: எந்த நார் என்று கேளுங்கள்

ஃபைபர் (நார்) போட்ட கான்கிரீட் தீயைத் தாங்குமா என்று யாராவது கேட்டால், எந்த ஃபைபர் என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஸ்டீல் நாருக்கும் பாலிப்ரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) நாருக்கும் சூட்டில் வேலையே வேறு.

1996 நவம்பர் 18 இரவு, இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கடலடிச் சுரங்கத்தில் லாரிகளை ஏற்றிவந்த ரயில் தீப்பிடித்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சுமார் 40 செ.மீ. தடிமனான கான்கிரீட் சுவர், சில இடங்களில் சில சென்டிமீட்டர் மட்டும் மிஞ்சும் அளவுக்கு உதிர்ந்து கொட்டியது. அது மட்டமான கான்கிரீட் இல்லை, நல்ல உறுதியானது. அடர்த்தியாக இருந்ததுதான் வினை: உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் ஏற, சூட்டில் விரியும் மேல்பரப்பு அடுக்கடுக்காக வெடித்துத் தெறிக்கிறது. இதைத்தான் ஸ்பாலிங் என்கிறோம்.

பாலிப்ரொப்பிலீன் நார் முடியைவிட மெல்லியது, 160-170 டிகிரியில் உருகிவிடும். உருகிய இடத்தில் ஆவிக்கு வழி கிடைக்கிறது. கனமீட்டருக்குக் குறைந்தது 2 கிலோ போடச் சொல்கிறது யூரோகோட் என்ற ஐரோப்பியக் கட்டுமான விதித்தொகுப்பு. (இதைப் போட்டால் ஸ்லம்ப், அதாவது ஈரக் கான்கிரீட்டின் இளக்கம், குறையும்; அதற்காகத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், இளக்கம் தரும் அட்மிக்ஸ்ச்சரை (கலவையில் சேர்க்கும் ரசாயனத்தை) சரிசெய்யுங்கள்.) இந்த நார் வலிமையைக் கூட்டாது, சுவரைச் சுவராக நிற்க வைக்கும், அவ்வளவுதான். ஸ்டீல் நார் விரிசலைப் பிடித்து நிறுத்தும், ஆனால் தனியாக அதை நம்பி ஸ்பாலிங்கைத் தடுக்க முடியாது. சுரங்கம் என்றால் இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் சரி என்பேன்.

எந்த நார் போட்டாலும் சிமெண்ட் பசையின் வேதியியல் மாறாது. 300 டிகிரி வரை வலிமை இழப்பு குறைவு. 400-500ல் பசையில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு (ஒருவகைச் சுண்ணாம்பு) சிதைகிறது, 573ல் குவார்ட்ஸ் ஜல்லி திடீரென விரிகிறது, 600ஐத் தொடும்போது சுமார் பாதி வலிமைதான் மிஞ்சும். ஆறிய பிறகும் தொல்லை தீராது. சிதைந்த சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை இழுத்து உப்பி, புது விரிசல் விடும். தீக்குப் பின் பார்க்கப் போனால் கொஞ்சம் கொத்திப் பாருங்கள், பல ஜல்லிகளில் இளஞ்சிவப்பு தெரியும்; அந்த ஆழம் வரை சூடு 300ஐத் தாண்டியிருக்கிறது.

அப்புறம், ஆய்வகத்தில் சின்ன சிலிண்டரை நிமிடத்துக்கு ஓரிரு டிகிரியாகச் சூடாக்கி எடுத்த வலிமை வரைபடத்தை மட்டும் காட்டி யாராவது ஒப்புதல் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சுரங்கத் தீ சில நிமிடங்களில் 1000 டிகிரியைத் தாண்டும். சுமை ஏற்றிய முழு அளவு செக்மெண்டை (சுரங்கச் சுவரின் ஒரு துண்டை) அந்த வேகத்தில் சுட்டுப் பார்த்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.