வலென்சியா நாட்குறிப்பு: கூடைத் தெருவிலிருந்து தீ இரவு வரை

பிப்ரவரி 4, 2023, சனி

ஸ்பெயின் நாட்டு வலென்சியாவுக்குக் குடிவந்து மூன்று வாரங்கள் கழித்து, இன்றுதான் மத்தியச் சந்தைக்குள் நுழைந்தேன். 1928இல் திறக்கப்பட்ட இந்தக் கூடம் எட்டாயிரம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடையது; இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளும் சேர்ந்து எழுப்பிய கட்டடம். குவிமாடத்தின் உச்சியில் காற்றின் திசை காட்டும் பச்சைக்கிளி ஒன்று நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, ஊர்க்காரர்கள் நிமிராமல் விலாங்கு மீனையும் பட்டாணியையும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை. புதிதாக வருகிறவர் ‘கடைசியாக வந்தவர் யார்?’ என்று பொதுவாகக் கேட்கிறார். யாரோ ஒருவர் கையை உயர்த்துகிறார். அவருக்குப் பின் இவர் என்று ஏற்பாடாகிவிடுகிறது. இதை அறியாத நான் நெடுநேரம் நின்றேன். சுட்டுப் பிளந்து வைத்திருந்த பரங்கிக்காயில் ஒரு துண்டு வாங்கினேன். என் காகிதப் பை அதன் ஈரத்தைத் தாங்கவில்லை. காய்கறிக்காரப் பெண்மணி சிரித்தபடி, பக்கத்தில் உள்ள மூசிக் பெய்த்ரோ தெருவுக்குப் போகும்படி கைகாட்டினார். ஊரார் அதைக் கூடைத் தெரு என்றே அழைக்கிறார்கள். பிரம்பு, மரம், எஸ்பார்ட்டோ புல் ஆகியவற்றால் ஆன பொருள்கள் கடைகளின் வாசல்களில் கூரை உயரத்துக்குத் தொங்குகின்றன. எஸ்பார்ட்டோ வறண்ட நிலத்தில் வளரும் முரட்டுப் புல். கயிறு, செருப்பு, விரிப்பு என்று பலவாறும் பயன்பட்டது. நான் ஒரு கூடை வாங்கினேன். உள்ளே துணி வைத்துத் தைக்க வேண்டும் என்றதும், கடைக்காரர் வட்டச் சதுக்கத்துக்கு வழி சொன்னார்.

பிப்ரவரி 7, செவ்வாய்

வட்டச் சதுக்கம் என்பது 1840இல் கட்டப்பட்ட, நடுவில் நீரூற்று வைத்த, முழு வட்டமான ஒரு முற்றம். குழி என்று பொருள்படும் ‘எல் கிளோட்’ என்பது அதன் செல்லப்பெயர். நெருக்கிய வீடுகளுக்கிடையே சட்டென்று தோன்றும் அதற்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது. சுற்றிலும் நூல், பொத்தான், நாடா, சரிகைப்பின்னல் விற்கும் சிறு கடைகள்.

எனக்கு வேண்டியது அரை மீட்டர் பருத்தித் துணி. ஆனால் எனக்கு முன்னால் நின்ற ஒரு தாய், தன் மகளின் தோளுக்கு மேல் ஒவ்வொரு பின்னல் துணியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததால் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அந்த நேரம் வீணாகவில்லை. மார்ச் மாதத்து ஃபாயாஸ் திருவிழாவில் பெண்கள் அணியும் உடைக்கு மன்தெலேத்தா என்னும் மேலாடை வேண்டும். அதன் பூவேலை பாவாடைப் பட்டின் நிறத்தோடு இசைய வேண்டும். அதனால் பட்டின் ஒரு துண்டைக் கைப்பையிலேயே கொண்டுவந்திருந்தார் அந்தத் தாய். நான் அதைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். ஜரிகைப் பூக்களின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோது, காஞ்சிபுரத்துப் புடவையின் புட்டாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வேலை அந்நியமாகத் தோன்றவில்லை. இது எங்கே நெய்யப்படுகிறது என்று கேட்டேன். மருத்துவமனைத் தெருவில் உள்ள பட்டுக் கல்லூரிக்குப் போங்கள் என்றார் கடைக்காரர்.

பிப்ரவரி 11, சனி

பட்டுக் கல்லூரி என்பது பள்ளிக்கூடம் அன்று. பட்டு நெசவாளர் சங்கத்தின் இல்லம். சங்கம் 1479இல் தோன்றியது. 1686இல் அரசர் இரண்டாம் கார்லோஸ் அதற்குக் ‘கல்லூரி’ என்னும் பட்டத்தை அளித்தார். பாழடைந்து கிடந்த கட்டடம் சீரமைக்கப்பட்டு 2016இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சுற்றியுள்ள பகுதிக்கு வெயூட்டெர்ஸ், அதாவது வெல்வெட் நெய்பவர்கள், என்பதே பெயர். மாடியில் புகழ்த்தேவதையும் உலகின் நான்கு கண்டங்களும் தீட்டிய வண்ண ஓட்டுத் தரை இருக்கிறது. நான் அதைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டுத் தறிகளிடம் திரும்பினேன்.

எஸ்போலீன் என்பது ஒரு வகைப் பட்டுக்குப் பெயர் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அது பூவை நெய்யும்போது ஊடை இழையைக் கொண்டுசெல்லும் சிறு தறிநாடாவின் பெயர். அந்தக் கருவியின் பெயரே துணிக்கும் ஆகிவிட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிறு தறிநாடா. அந்தப் பூவின் அகலத்துக்குள் மட்டுமே அது ஓடித் திரும்பும். ஊடை இழை துணியின் முழு அகலத்துக்கும் வீணாகப் போகாது. இந்த வேலையில் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் துணி வளர்ந்தாலே அதிகம். ஓர் உடைக்கு வேண்டிய துணி பல மாத உழைப்பு என்பது புரிந்தபோது, அந்தத் தாய் ஏன் பின்னலைத் தேர்ந்தெடுக்க அத்தனை நேரம் எடுத்துக்கொண்டார் என்பதும் புரிந்தது.

பிப்ரவரி 12, ஞாயிறு

பட்டின் வழியே தொடர்ந்து லோன்ஹா என்னும் பழைய பட்டு வணிக மாளிகைக்குப் போனேன். சந்தைக்கு எதிரிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நுழைவு இலவசமாக இருந்தது. கட்டுமானம் 1482இல் தொடங்கியது. 1996இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வணிகர் கூடத்தின் தூண்கள் முறுக்கிய வடம்போல எழுந்து கூரையில் பனை மட்டைகளாக விரிகின்றன. சுவரைச் சுற்றி லத்தீனில் ஒரு வாசகம் ஓடுகிறது: பேச்சில் வஞ்சகம் இல்லாமல், கொடுத்த வாக்கில் தவறாமல், வட்டிக்குக் கொடுக்காமல் வாணிகம் செய்பவன் செல்வம் பெருகி நிலைத்த வாழ்வை அடைவான் என்பது அதன் சாரம். பேரம் நடந்த கூடத்திலேயே, பேரம் பேசுபவரின் கண்ணில் படும்படி இதை எழுதியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 18, சனி

நினோத் என்னும் உருவப் பொம்மைகளின் கண்காட்சி, அறிவியல் அருங்காட்சியகத்தில். ஊரின் ஒவ்வொரு ஃபாயா குழுவும் தன் தெருவில் ஃபாயா எனப்படும் பெரிய உருவத் தொகுப்பொன்றை எழுப்பி, மார்ச் 19 இரவில் கொளுத்திவிடும். நகரில் இத்தகைய குழுக்கள் ஏறத்தாழ நானூறு. அந்தத் தொகுப்பிலிருந்து ஓர் உருவத்தை மட்டும் ஒவ்வொரு குழுவும் இங்கே அனுப்புகிறது. பார்வையாளர்களின் வாக்கில் வெல்வதற்கு மன்னிப்புக் கிடைக்கும், அது எரியாது. 1934இல் தொடங்கிய வழக்கம் இது. முதன்முதலில் காப்பாற்றப்பட்டது ஒரு பாட்டியும் பேத்தியும். அவ்வாறு தப்பியவை ஃபாயாஸ் அருங்காட்சியகத்தில் சேர்கின்றன.

நான் வாக்களிக்க மிகவும் திணறினேன். இங்கே வெல்லாத ஒவ்வொன்றும் சாம்பலாகப் போவது உறுதி; ஆகவே பிடித்தது எது என்று கேட்பதும் எது பிழைக்க வேண்டும் என்று கேட்பதும் ஒன்றாகிவிடுகின்றன. மீன் கழுவும் முதியவர் உருவம் ஒன்றின் விரல் நகங்களில் செதில்கள்கூட ஒட்டியிருந்தன. அவருக்கே வாக்களித்தேன்.

மார்ச் 2, வியாழன்

வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் நீர் நீதிமன்றம் கூடுகிறது. துரியா ஆற்றிலிருந்து நீர் பெறும் கால்வாய்களின் பிரதிநிதிகள், விவசாயிகள், கறுப்பு மேலங்கி அணிந்து அரைவட்டமாக அமர்ந்தார்கள். காவலர் வலென்சிய மொழியில் ஒவ்வொரு கால்வாயின் பெயரையும் உரக்கச் சொல்லி, அதைச் சேர்ந்தவர்களில் குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று கேட்டார். குவார்த், பெனாஹெர், மிஸ்லாதா, ரஸ்கான்யா... ஒருவரும் முன்வரவில்லை. சில நிமிடங்களில் மன்றம் கலைந்தது.

ஏமாற்றத்தோடு திரும்பிய பயணிகளிடம் எனக்கு வருத்தமே ஏற்பட்டது. வழக்கில்லாத நாளிலும் மன்றம் கூடுகிறதே, அதுதான் காண வேண்டியது. வழக்கு வந்தால் எல்லாம் வாய்மொழியில் நடக்கும், வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடும் இல்லை. ஆற்றின் ஒரு கரையைச் சேர்ந்தவர்மீது வழக்கென்றால், தீர்ப்பை மறுகரைப் பிரதிநிதிகள் முன்மொழிவார்கள். தன் கால்வாய்க்காரனுக்குத் தானே நீதி சொல்லும் சங்கடம் எழாது. 2009இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் கிடைத்தது. அது கிடைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இந்த மன்றம் நடந்து வந்திருக்கிறது.

அங்கிருந்து நகராட்சிச் சதுக்கத்துக்கு நடந்தேன். மார்ச் முதல் நாளிலிருந்து 19 வரை தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு மஸ்க்லெதா. இது கண்ணுக்கான வாணவேடிக்கை அன்று. பட்டப்பகலில், காதுக்காகவும் நெஞ்சுக்கூட்டுக்காகவும் வெடிக்கப்படுவது. முதலில் இடைவெளி விட்ட ஒலிகள். பிறகு அடுக்கி வரும் தாளம். இறுதியில் பூகம்பம் என்று அவர்கள் அழைக்கும் பகுதி. வாயைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அருகில் நின்ற மூதாட்டி அறிவுறுத்தினார். முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் கைதட்டினார்கள். கைதட்டலைப் பெற்றவர் மேடையேறிய பாடகர் அல்லர், வெடிமருந்துக் கலைஞர்.

மார்ச் 18, சனி

மலர்க் காணிக்கையின் இரண்டாம் நாள். ஆதரவற்றோரின் அன்னை என்று இங்கே வணங்கப்படும் மரியன்னைக்கு மரச்சட்டத்தால் அமைத்த பேருருவம் ஒன்று நிற்கிறது. குழுக்குழுவாக வரும் பெண்கள் கொண்டுவரும் பூங்கொத்துகளை, சட்டத்தில் தொற்றி ஏறிய ஆண்கள் கையோடு கையாக மேலே வீசி வாங்கி, ஒவ்வொன்றாகச் செருகி அவளுடைய மேலாடையை நெய்கிறார்கள். சதுக்கத்தை அடைந்ததும் பலர் அழுதுவிடுகிறார்கள். நடந்துவந்த கூட்டத்தில், வட்டச் சதுக்கத்தில் கண்ட அந்த மகளை அடையாளம் கண்டேன். தோளில் அதே பின்னல். அவள் என்னைக் கவனிக்கவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

இன்றிரவு எங்கள் தெரு ஃபாயா எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் எதிர்வீட்டுச் சுவர்களை நீரால் நனைத்துக்கொண்டே நின்றார்கள். பன்னிரண்டு மாத வேலை இருபது நிமிடத்தில் சட்டமாகி, சட்டமும் சரிந்தது. கட்டியவர்களே கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன்.

மார்ச் 21, செவ்வாய்

தெருவில் சாம்பல் இல்லை. தார்ச்சாலையில் மட்டும் ஒரு கரிய வட்டம். கூடையோடு சந்தைக்குப் போனேன். கடைசி ஆள் யார் என்று கேட்டு, என் முறை வந்ததும் காய்ந்த சூஃபா வாங்கினேன். கோரை இனத்துச் சிறு கிழங்கு அது. ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்தால் ஓர்சாதா. ஏப்ரலில் அல்போராயா வயல்களில் அடுத்த விதைப்பு தொடங்கும் என்றும், அங்கே பாய்வது ரஸ்கான்யா கால்வாய் என்றும் காய்கறிக்காரப் பெண்மணி சொன்னார். நீதிமன்ற வாசலில் கேட்ட பெயர் அது. முதல் சனிக்கிழமையே போகிறேன்.