பெரியப்பாவின் பிரஷ்ஷும் நின்றுபோன கடிகாரமும்

திங்கட்கிழமை காலை பெரியப்பா வீட்டுக் கூடத்துக் கடிகாரம் 6.10-ஐத் தாண்டவே இல்லை. பெரியம்மா மணி பார்ப்பது அதில் மட்டும்தான். செல்போன் காட்டும் மணியை நம்பமாட்டார். "அது யாரோ எங்கேர்ந்தோ அனுப்பறது" என்பார். அன்று பேங்க்கில் எஃப்.டி. புதுப்பிக்க வேண்டும். ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம், பத்தரைக்கு எமகண்டம். ஆகவே ஏழரைக்குள் வாசப்படியைத் தாண்டி, பேங்க்குக்குப் பக்கத்திலிருக்கும் சித்தி வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வது என்று திட்டம். கடிகாரம்தான் 6.10 காட்டுகிறதே என்று நிதானமாகத் தோசை வார்த்துக்கொண்டிருந்தவர், எட்டு மணிக்கு வரும் பூக்காரம்மாவின் குரல் கேட்டபோதுதான் நிமிர்ந்தார்.

கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் செல்லே இல்லை. கோபத்தில் பி.பி. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க மெஷினை எடுத்தால் அதுவும் எரியவில்லை. நாலு செல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. பாத்ரூமிலிருந்து 'ர்ர்ர்' என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

பல் டாக்டர் பெரியப்பாவை எலெக்ட்ரிக் பிரஷ்ஷுக்கு மாறச் சொல்லியிருந்தார். வலது கை நடுக்கத்துக்குத் தடித்த கைப்பிடி தோதாக இருக்கும், தேய்க்கும் வேலையை மோட்டார் பார்த்துக்கொள்ளும். அண்ணாச்சி கடையில் செல் போடும் பிரஷ் தொங்கியது. 'சார்ஜ் போடற தொல்லையே இல்ல' என்று பெருமையாக வாங்கி வந்தார். கூடவே வந்த இரண்டு செல்லும் தீர்ந்த மறுநாள்தான் மேற்படி கொள்ளை.

எண்ணிக்கையில் பெரியப்பா தவறவில்லை. பிரஷ்ஷுக்கு இரண்டு பென்சில் செல் வேண்டும், கடிகாரத்திலிருந்து ஒன்று, பி.பி. மெஷினிலிருந்து ஒன்று. கடிகாரத்தில் கிடந்தது கார்பன்-துத்தநாகச் சாதா செல், மெஷினில் இருந்தது ஆல்கலைன். இந்த இரண்டை ஒரே வரிசையில் போடுவதுதான் வம்பு. இரண்டின் வழியாகவும் ஒரே அளவு கரண்ட் ஓடியாக வேண்டும். சாதா செல் முதலில் காலியாகும். காலியான பிறகும் ஆல்கலைன் அதன் வழியாகக் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சாதா செல்லின் துத்தநாகக் கூடுதான் கரைந்து கரண்ட் தருகிறது, அதே கூடுதான் செல்லுக்குப் பாத்திரமும். கரைந்து ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது ஒழுகி, அடியிலிருக்கும் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். பழையதையும் புதியதையும் கலந்தாலும் இதே கதிதான்.

ஆல்கலைன் ஒழுகினால் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் படியும். அது தோலை அரிக்கும் காரம், வெறும் விரலால் சுரண்டக்கூடாது. இயர்பட்ஸில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றியெடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிங் முனையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். அடிமூடியின் கறுப்பு ரப்பர் வளையத்தையும் பாருங்கள். பேஸ்ட் துணுக்கு ஒன்று அதில் ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். இந்த மாதிரி மோட்டார் ஏறத்தாழ 400 மில்லி ஆம்பியர் இழுக்கும். காலை 2 நிமிடம், இரவு 2 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 27 மில்லி ஆம்பியர்-மணி. நல்ல ஆல்கலைன் செல்லில் 2000-க்கு மேல் இருக்கும், ஆக இரண்டு, இரண்டரை மாதம் ஓடும். சாதா செல் இந்த இழுப்பைத் தாங்காது. அது கடிகாரத்துக்கென்றே பிறந்தது. ஆனால் பிரஷ்ஷில் ஓய்ந்த ஆல்கலைன் செல்லைக் கடிகாரத்தில் போட்டால் இன்னும் பல மாதம் ஓடும். அதாவது பெரியப்பா செய்ததைத் தலைகீழாகச் செய்திருந்தால் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருப்பார்.

செல் பிரஷ்ஷின் பெரிய குறை காசு இல்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்வதுதான். ஒரு செல்லுக்கு 1.5 வோல்ட்டில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும், வேகமும் கூடவே குறையும். தினமும் பிடிக்கிற கைக்கு அது தெரியாது. கடைசி இரண்டு வாரம் நடுங்குகிற குச்சியை வாயில் வைத்துக்கொண்டு, தேய்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். சார்ஜ் பிரஷ் அப்படி இல்லை. கிட்டத்தட்ட கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடிவிட்டு ஒரு நாள் பட்டென்று நின்றுவிடும். நின்றால் சார்ஜ் போட்டுவிட வேண்டியதுதான், குழப்பம் இல்லை.

"அப்ப பையன் கொண்டுவந்த சார்ஜ் பிரஷ்ஷுக்கு என்ன கேடு?" என்றார் பெரியம்மா. கேடு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. நியூஜெர்சி அண்ணன் போன வருடம் கொண்டுவந்த சார்ஜ் பிரஷ்ஷின் தட்டைப் பின் நம் பிளக்கில் நுழையவில்லை. பெரியப்பா ஒரு அடாப்டர் வாங்கி மாட்டினார். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. சார்ஜ் போடும் ஸ்டாண்டின் அடியில் எறும்பு எழுத்தில் 110–130 வோல்ட் என்று இருந்தது. நம் சுவரில் வருவது 230. கருகிய வாடை போக ஊதுபத்தி ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மொத்த செட்டும் பரணில் தூங்குகிறது.

எரிந்தது ஸ்டாண்ட் மட்டும்தான். கைப்பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மாதிரிக்கான 230 வோல்ட் ஸ்டாண்ட் தனியாகவே கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் அடியைத் திருப்பி 100–240 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடாப்டர் போதும். இல்லையென்றால் வோல்ட்டை இறக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். பிரஷ் ஸ்டாண்ட் இழுப்பது ஒன்றிரண்டு வாட்தான் என்பதால் சின்னதே போதும்.

பெரியம்மாவின் அடுத்த பயம் ஷாக். நியாயமான பயம்தான். 1954-ல் சுவிட்சர்லாந்தில் வந்த பிராக்ஸோடென்ட் என்கிற மின் பிரஷ், ஒயர் தொங்க நேராகச் சுவர் மின்சாரத்தில் ஓடியது! இப்போதைய ஸ்டாண்டில் ஒரு கம்பிச்சுருள், கைப்பிடியின் அடியில் இன்னொன்று, நடுவில் முழுக்க பிளாஸ்டிக். காந்தப்புலம் வழியாகத்தான் சார்ஜ் ஏறுகிறது, உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. கைப்பிடிக்குள் இருக்கும் பேட்டரியும் நாலு வோல்ட் சொச்சத்தைத் தாண்டாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஸ்டாண்டின் பக்கம் போவது நல்லது.

நம் வீட்டு பாத்ரூமில் கீசர் பாயிண்டைத் தவிர வேறு பிளக் ஏது? பரவாயில்லை, ஸ்டாண்ட் படுக்கையறையிலேயே இருக்கட்டும். லித்தியம் பேட்டரி வகை ஒருமுறை ஏற்றினால் ஒன்றிரண்டு வாரம் தாங்கும். பெரியப்பாவுடையது பழைய நிக்கல் வகை. முழுக்க ஏற 16 மணி நேரம்கூடப் பிடிக்கும். முதல் நாள் அரை மணியில் எடுத்துப் பார்த்துவிட்டு 'டூப்ளிகேட்' என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

சார்ஜ் பிரஷ்ஷின் வில்லத்தனம் பின்னால் வரும். உள்ளே செல்லைக் கழற்ற முடியாதபடி ஒட்டவைத்திருப்பார்கள். சில வருடத்தில் அது ஓய்ந்தால் கைப்பிடியோடு போச்சு. பிரஷ் தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒரு கம்பெனித் தலை பெரும்பாலும் இன்னொன்றில் உட்காராது. ஒரு தலை விலைக்கு மூன்று நாலு கைப்பிரஷ் வாங்கலாம் என்று பெரியப்பா முணுமுணுத்தார். 2014-ல் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு, மூன்று மாதத்துக்கு மேல் மின் பிரஷ் பயன்படுத்தியவர்களுக்குப் பல்லில் படியும் அழுக்குப் படலம் கைப்பிரஷ்ஷைவிட 21 சதவீதம் குறைந்ததாகச் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "அப்ப மிச்சம் 79?" என்றார். ரிட்டயர்டு ஆடிட்டரிடம் சதவீதம் பேசக்கூடாது.

கடைசியில் முடிவு செய்தது செல் பிரஷ்ஷின் அடிமூடிதான். அழுத்தித் திருகினால்தான் திறக்கும். பெரியப்பாவின் விரலுக்கு அந்தப் பிடி இல்லை. அன்றைக்கு அதைத் திறந்து கொடுத்ததே வாட்ச்மேன்தானாம். இதைக் கேட்டதும் பெரியம்மா திட்டுவதை நிறுத்திவிட்டார். "என்னைக் கூப்பிட்டா என்ன?" என்பது மட்டும் ஒருமுறை வந்தது. பதில் இல்லை.

புது ஸ்டாண்ட் புதன்கிழமை வந்தது. பாடம் நடத்தினோம். பேஸ்ட் பட்டாணி அளவு. வாய்க்குள் வைத்த பிறகுதான் சுவிட்ச், இல்லையென்றால் பேஸ்ட் கண்ணாடிக்குப் போகும். இழுத்துத் தேய்க்கக் கூடாது, பல்லுக்குப் பல் வைத்து இரண்டு மூன்று விநாடி நிறுத்தினால் போதும். அழுத்தினால் மோட்டார் திணறும், ஈறு தேயும். 30 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன விக்கல் வரும், அப்போது வாயின் அடுத்த கால் பகுதிக்குப் போக வேண்டும். முடிந்ததும் தலையைக் கழற்றி இரண்டையும் கழுவித் தனித்தனியாகக் காயவைக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொண்டே கழற்றிக் காட்டினால், போன வருடத்துத் தலைக்குள் தார் மாதிரி கறுப்பாக ஒரு கொழகொழப்பு. பெரியம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

புதுத் தலை பாக்கெட்டைப் பிரித்தபோது ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நிற வளையம். ஒரே கைப்பிடியை வீட்டில் நாலு பேர் பயன்படுத்தினாலும் தலை மாறாமல் இருக்கத்தான் அது. பெரியப்பா நீலத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். இத்தனை வருடமாக விரலும் பல்பொடியுமாகவே இருக்கும் பெரியம்மா பாக்கெட்டைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மஞ்சள் எனக்கு. யாரும் தொடாதீங்க."