குழந்தையைப் பார்க்க மனு போடுவதற்கு முன்
துணையைப் பிரிந்து, பிள்ளையைப் பார்க்க கோர்ட்டை நாடும் பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோருக்கு: குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் கோர்ட்டில்தான் மனு போடவேண்டும் என்கிறது, குழந்தையின் பாதுகாவலர் யார் என்பது பற்றிய 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். பிள்ளை இங்கே படிக்கும்போது சேலத்தில் போட்டால், எந்தக் கோர்ட் விசாரிப்பது என்ற அதிகார வரம்புச் சண்டையிலேயே காலம் போய்விடும். தாத்தா பாட்டியும் மனு போடலாம்.

"பார்க்க அனுமதி வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எங்கே ஒப்படைப்பது, யார் கூட்டிவருவது, கோடை விடுமுறையில் எத்தனை நாள், வீடியோ கால் எப்போது, எல்லாவற்றையும் எழுதுங்கள். தெளிவில்லாத உத்தரவை எதிர்த்தரப்பு மீறினாலும் நிரூபிப்பது கஷ்டம். வழக்கு இழுக்கும்; அது முடியும்வரை பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்கும் இடைக்கால மனுவையும் சேர்த்தே போடுங்கள்.

பார்க்க விடவில்லை என்ற கோபத்தில் ஜீவனாம்சத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அது பிள்ளையின் சாப்பாடு, ஸ்கூல் ஃபீஸ்.