வலது பின் டயர்

ஜனவரி 3, 2024, புதன்

ஆபீஸ் கிளம்பும்போது பார்க்கிங்கில் கேஜ் வைத்து டயர் காற்றைப் பார்த்தேன். வலது பின் டயர் 27 பிஎஸ்ஐ. மற்ற மூன்றும் 35. நாலையும் ஒரே நேரத்தில்தான் நிரப்பினேன்.

பாலைவனத்தில் வண்டி ஓட்டுகிற எங்கள் குழுவில் அறிவிப்பு வந்துவிட்டது. 13, 14 லிவா, அபுதாபியின் தென்கோடி மணல்மேடுகள். ஒரு ராத்திரி தங்கல். பத்து வண்டிக்கு மேல் கிடையாது. பார்த்துவிட்டு மூடிவிட்டேன். படுக்கப் போகும்போது மறுபடி திறந்து, யார் யார் பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன்.

ஜனவரி 4, வியாழன்

பேர் கொடுத்துவிட்டேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 6, சனி

ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அத்தை மிக்ஸியில் எதையோ அரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏட்டி, தனியாவா?"

"தனியா இல்லீங்க. கூட ஒம்பது வண்டி வருது."

"வண்டிக்குள்ள?"

வண்டிக்குள் நான் மட்டும்தான். அது அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வாய்ஸ் மெசேஜாக வந்து விழுந்தது. கயிறு மாட்டுகிற இரும்பு வளையம், ஷேக்கிள், பின் சீட்டுக்கு அடியில், சிவப்புப் பையில். மண்வெட்டியை மேலே வைக்காதே, கீழே வை. கம்ப்ரசர் கிளிப்பை பேட்டரியில் மாட்டும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கணும். ஜாக்குக்கு அடியில் வைக்கிற பலகை பால்கனியில் இருக்கிறது, மறக்காதே. மல்லாந்து படுத்துக்கொண்டு பேசுகிறார் என்பது குரலிலேயே தெரிகிறது. ஒரு இடத்தில்கூடப் போகாதே என்று சொல்லவில்லை.

மதியம் முசஃபாவுக்குப் போனேன். பஞ்சர் கடைக்காரர் தொட்டியில் முக்கிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். டயர் வாய் பக்கம் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்க பாய் என்றேன். தடவினார். ரிம்மும் ரப்பரும் சேருகிற விளிம்பில் கடுகளவு நுரை ஒன்று முளைத்தது. உடைந்து, அதே இடத்தில் மறுபடி முளைத்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே மணல். போன சீசனில் இவர் ஓட்டியபோது அந்த டயர்தான் ரிம்மைவிட்டுக் கழன்றது, அன்றைய மணலாக இருக்கும். துடைத்து மாட்டிக் கொடுத்தார்.

வண்டியை விலைக்குக் கேட்கிற அல் ஐன் ஆளுக்கு இன்னும் பதில் போடவில்லை.

ஜனவரி 8, திங்கள்

33. இரண்டு நாளில் இரண்டு இறங்கியிருக்கிறது. ராத்திரிக் குளிருக்கு ஒன்று குறையும், அதில் ஒன்றுமில்லை. ஆனால் மற்ற மூன்றும் 35ல்தானே நிற்கிறது.

ஆபீஸில் இன்வாய்ஸ் பார்த்துக்கொண்டிருந்தபோதே மணல் முகடுதான் மனதில். ஏறும்போது வேகம் வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். உச்சிக்கு வரும்போது அந்த வேகம் இருக்கக் கூடாது, இருந்தால் அந்தப் பக்கம் பறந்து போய் விழணும். காலை எங்கே எடுப்பது என்பதுதான் மொத்த வித்தையும். இவர் பக்கத்தில் இருந்தால் "இப்ப" என்பார், நான் எடுப்பேன். அந்த "இப்ப" இல்லாமல் ஓட்டணும். ஸ்வைஹானில் ஓட்டியிருக்கிறேன், ஃபாசில் ராக் பக்கமும் ஓட்டியிருக்கிறேன். லிவா அப்படி இல்லை. அங்கே ஒரு மேடு ஏறி முடித்த பிறகுதான் அது அடுத்த மேட்டுக்கு வாசற்படி என்றே தெரியும்.

முன்வண்டியில் வழிநடத்துகிற மார்ஷல் போன் பண்ணினார். திருச்சூர்க்காரர். "சேச்சி, பேடிக்கண்டா, பயப்படாதீங்க. மூணாவது வண்டி நீங்க. என் கண்ணாடியில தெரிஞ்சுக்கிட்டே இருப்பீங்க."

ஜனவரி 11, வியாழன்

அமாவாசை. சனிக்கிழமை ராத்திரி நிலா பேருக்குத்தான் இருக்கும்.

தண்ணீர் 20 லிட்டர், விறகு ஒரு மூட்டை, குப்பைப் பை ஒரு கட்டு. குப்பை விஷயத்தில் யாருக்கும் சலுகை கிடையாது என்று மார்ஷல் ஒவ்வொரு முறையும் போடுகிறார், போடட்டும். மணலில் விட்டுவருகிற பிளாஸ்டிக் பையை ஒட்டகம் தின்கிறது. வயிற்றில் கட்டிப்போய்ச் சாகிறது. பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்லவேண்டிய விஷயம் இது.

ஜனவரி 12, வெள்ளி

தூக்கம் வரவில்லை. 33தான். இறங்கவில்லை.

ஜனவரி 13, சனி

டெண்டுக்குள் உட்கார்ந்து தலைவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். விரல் விறைக்கிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிடணும்.

நாலு மணிக்குக் கிளம்பினேன். தரீஃபில் திரும்பி மதீனத் சாயிது தாண்டும்வரை பனிமூட்டம், முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. மெஸைராவில் பெட்ரோல் வாய்வரை. 88 லிட்டர் டேங்க்தான், ஆனால் பொடிமணல் குடிக்கிற குடிக்கு ரோட்டுக் கணக்கு உதவாது.

மொரீப் ரோட்டில் ஓரம் கட்டிக் காற்று இறக்கினோம். 35ல் இருந்து 14. ஊருக்குள் அந்த அழுத்தத்தில் யாரும் ஓட்டமாட்டார்கள். மணலில் அதுதான் உயிர். காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் படர்ந்து உட்காரும், வண்டியின் பாரம் பரவும், புதையாது. மார்ஷல் தன் கேஜைக் கொண்டுவந்து நாற்பது சக்கரத்தையும் ஒன்று விடாமல் பார்த்தார். என் வலது பின்பக்கத்தை நானே காட்டினேன்.

வாக்கி டாக்கி சரிபார்த்து, கொடி கட்டி, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் ஹை லாக் போட்டு, டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்தேன். கடைசி வண்டி பெஷாவர் பாயின் நிஸான் பேட்ரோல். யார் மாட்டினாலும் அவர் தாண்டிப் போகமாட்டார்.

முதல் பெரிய மேடு. வாக்கி டாக்கியில் "சேச்சி, நேரே. நேரே." பானெட் மேலே போனது, மணல் மறைந்தது, வானம் மட்டும்தான் தெரிந்தது. இருக்கிற வேகம் சீட்டில் தெரியும். பாரம் குறைகிற மாதிரி ஒரு நொடி வந்தது. காலை எடுத்தேன். யாரும் சொல்லவில்லை. வண்டி உச்சியில் தயங்கியது, மூக்கைத் தாழ்த்தியது, அந்தப் பக்கச் சரிவு முழுக்க என் முன்னால் விரிந்தது. பிரேக்கைத் தொடக் கூடாது, நேராக இறங்கணும், வால் ஒதுங்கினால் ஆக்சிலைக் கொஞ்சம் கொடுத்து நேராக்கணும். இறங்கினேன். கீழே வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். உடனே இவரிடம் சொல்லணும் போல இருந்தது, போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

மேடுகளுக்கு நடுவே சப்கா. உப்புப் படிந்த சமதளம். காய்ந்திருந்தால் தார் ரோடு தோற்கும். ஈரம் இருந்தால் அச்சுவரை இழுத்துக்கொள்ளும், மணல்போல விடாது. நிறம் கறுத்துத் தெரிகிற இடங்களை மார்ஷல் சுற்றிக்கொண்டே போனார்.

பன்னிரண்டுக்கு எல்லாரையும் நிறுத்திவிட்டார். உச்சி வெயிலில் நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது, எல்லாம் ஒரே வெளிர்மஞ்சள். இரண்டரைவரை சாப்பாடு, அரட்டை. புதிதாக வந்த ஒரு பிராடோக்காரர் கிளம்பிவிடலாம் என்று நச்சரித்தார். மார்ஷல் சிரித்தபடியே மறுத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அங்கேதான்.

சாயங்காலம் ஒரு குழிக்குள் எஃப்ஜே குரூசர் ஓட்டுகிற தம்பி ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினான். பட்டென்று ஒரு சத்தம். முன் இடது டயர் ரிம்மைவிட்டுக் கழன்று, வாய் பிளந்து நின்றது. நாள் முழுக்க நான் பின்னால் காது வைத்துக்கொண்டிருந்த சத்தம், கேட்டது முன்னால் போன வண்டியில். ஓடினோம். பால்கனிப் பலகைதான் ஜாக்குக்கு அடியில் போனது. சக்கரத்தைத் தூக்கியதும் பெஷாவர் பாய் மண்டியிட்டார். டயருக்குள் கையை விட்டு மணலை அள்ளி அள்ளி வெளியே போட்டார். பிறகு ஈரத்துணியால் ரிம் விளிம்பைச் சுற்றித் துடைத்தார், விரல்நுனியால் தடவினார், மறுபடி துடைத்தார். "ஒரு மணல் துகள் இருந்தால் போதும் பாஜி, வீட்டுக்குப் போய் மாசக்கணக்கில் காத்து இறங்கும்" என்று என்னைப் பார்த்து இந்தியில் சொன்னார். எனக்குத் தெரியும் பாய், நல்லாவே தெரியும். இரண்டு கம்ப்ரசரைச் சேர்த்து வேகமாகக் காற்று ஏற்றினார்கள். டங், டங் என்று இரண்டு முறை டயர் உட்கார்ந்தது. எல்லாரும் கைதட்டினோம். தம்பி எல்லாரையும் கட்டிப்பிடித்தான்.

தல் மொரீப் என்கிற பெரிய மணல்மேட்டை இருட்டுவதற்குள் பார்த்துவிட்டோம். 300 மீட்டர் உயரம் என்பார்கள். சீசனில் பந்தய வண்டிகள் அதன் நெஞ்சுக்கு நேராக ஏறும். நாங்கள் அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

காற்று அடிக்காத ஒரு குழியில் கேம்ப். இரும்புத் தட்டில் தீ, சாம்பலையும் அள்ளிக்கொண்டு போகணும். பாயின் கையால் கறி, எஃப்ஜே தம்பி வீட்டு எலுமிச்சை சாதம். தெசிகர் என்கிற ஆங்கிலேயப் பயணி பற்றிப் பேச்சு வந்தது. 1946 கடைசியில் பெது நாடோடி ஆட்களோடு ஒட்டகத்தில் இந்த மணலைக் கடந்து வந்தவர், லிவாவுக்குள் போகவில்லை. ஆட்களை மட்டும் உணவு வாங்க உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பசியோடு கிடந்தார். மணலைக் கடந்ததைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் காத்துக்கிடந்த நாட்களைப் பற்றித்தான் கேட்கணும்.

பதினோரு மணிவாக்கில் தெற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே, பளிச்சென்று ஒரு நட்சத்திரம். பாய் கையைக் காட்டி சுஹைல் என்றார். ஆகஸ்ட் கடைசியில் விடியற்காலையில் அது எழுந்தால் வெயில் இறங்கும் என்று இங்கே காத்திருப்பார்களாம். நம்ம அகத்தியர்தான். பாளையங்கோட்டை மொட்டைமாடியில் இதே நேரத்துக்கு இன்னும் மேலே நிற்கும். ஆனால் இவர் எங்கே மாடி ஏறப்போகிறார்.

மேட்டு உச்சிக்கு நடந்து போய்ப் பார்த்தேன். ஒரு கோடு வந்தது. வாய்ஸ் மெசேஜ் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது, இறங்கவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

டெண்ட் நனைந்து கிடந்தது. மணலிலும் இப்படிப் பனி பெய்யும் என்று ஊரில் சொன்னால் நம்புவதில்லை. பாய் பராத்தா போட்டார். எல்லாரும் இருக்கும்போதே பொங்கல் வைத்துவிடலாம் அக்கா, அரிசி வெல்லம் எல்லாம் இருக்கு என்றான் தம்பி. மனசு வரவில்லை. பொங்கல் நாளைக்கு.

காலையிலேயே ஒரு ஏற்றத்தில் முக்கால்வாசியில் வண்டி நின்றது. ஆக்சிலைத் தொடவில்லை, தொட்டால் தனக்குத்தானே குழி தோண்டும். ரிவர்ஸ் போட்டு ஏறிவந்த தடத்திலேயே நேராக இறங்கி, இன்னும் பின்னால் போய், மறுபடி ஏற்றினேன். ஏறியது. "சூப்பர் சேச்சி" என்று வாக்கி டாக்கியில் நாலைந்து குரல்.

பிராடோக்காரர் மாட்டினார். கயிற்றை டிரெய்லர் இழுக்கிற குண்டில் மாட்டச் சொன்னார். பாய் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். அந்தக் குண்டு முறிந்தால் பீரங்கிக் குண்டாகத்தான் வரும், ஆள் செத்தே போவான் என்றார். சேஸிஸோடு சேர்ந்த கொக்கியைத் தேடி எடுத்து, கயிறுமேல் கம்பளி போட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கவைத்த பிறகுதான் இழுத்தார். இவருக்கு அன்றைக்கு இந்தப் பாய் கூட இருந்திருந்தால்.

மெஸைராவில் சிக்னல் வந்தது. மெசேஜ் இறங்கியது. "ஏட்டி, ஜாக் பலகை எடுத்தியா?" அவ்வளவுதான். அதை நேற்று ராத்திரி அனுப்பியிருக்கிறார், 11:40க்கு. ஊரில் அப்போது ஒரு மணி தாண்டியிருக்கும்.

ஜனவரி 15, திங்கள்

இவருக்கு எடுக்கவேண்டிய ஸ்கேன், பொங்கலுக்கு சென்டர் லீவாம். புதன்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. காலையில் குக்கரில்தான் வைத்தேன், விசில் போடாமல் பால் பொங்கவிட்டு. ஆபீஸில் எல்லாருக்கும் கொடுத்தேன்.

ஜனவரி 16, செவ்வாய்

கார் வாஷில் லிப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் கழுவினார்கள். சேஸிஸ் ஓட்டைகளில் இருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. சிவப்பும் இல்லாத மஞ்சளும் இல்லாத லிவா மணல். பையன் சலிக்காமல் திரும்பத் திரும்ப அடித்தான்.

அல் ஐன் ஆள் கேட்கிறார்: "வண்டி மணலில் ஓடியிருக்கிறதா?"

ஜனவரி 17, புதன்

ஓடியிருக்கிறது, நன்றாக ஓடும் என்று பதில் போட்டேன். விலையைக் குறைத்துக் கேட்டார். குறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து பார்க்கட்டுமா என்றார். வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஸ்கேன் முடிந்தது. ஆட்டோவில் ஏற்றி இறக்க மச்சானும் பக்கத்துவீட்டுத் தம்பியும் போனார்களாம். நாற்பது நிமிஷம் அசையாமல் படுக்கணும் என்றதும் இவர் சிரித்தாராம். அத்தை சொன்னார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பழைய சிரிப்பாக இருக்காது அது.

ஜனவரி 18, வியாழன்

ரிப்போர்ட் சாயங்காலம்தானாம்.

மார்ஷல் கேட்டிருக்கிறார், பிப்ரவரியில் ஸ்வைஹானில் புது ஆட்களுக்கு ஒரு டிரைவ், கூட உதவிக்கு வரமுடியுமா என்று. வருகிறேன் என்று போட்டுவிட்டேன். சொந்தமாகக் கயிறு வேண்டும், இவருடையது நார் பிரிந்திருக்கிறது. இழுபடுகிற ரகம், 9 மீட்டர். மத்தியானம் முசஃபாவில் விலை கேட்கணும்.