ஹீட்டருக்கு ஒரு நொடி பிடபிள்யூஎம்: ஆர்டுயினோ ஊனோவின் டைமர்1

பிடபிள்யூஎம் என்பது சிக்னலை மாறி மாறி ஆன், ஆஃப் செய்து, ஆன் நேரத்தின் பங்கால் சக்தியைக் கட்டுப்படுத்தும் முறை. ஊனோ போர்டின் 9ஆம் பின்னில் அதற்கான அனலாக்ரைட் கட்டளையைப் போட்டால் 490 ஹெர்ட்ஸ் கிடைக்கும். எல்இடிக்கு நல்லது, எஸ்எஸ்ஆர் (நகரும் பாகமில்லாத மின்னணு ரிலே) வழியாக ஓடும் 230 வோல்ட் ஹீட்டருக்கு உதவாது. ஸீரோ கிராஸிங் வகை எஸ்எஸ்ஆர், மின்னழுத்தம் சுழியைத் தொடும்போதுதான் ஆன் ஆகும். 50 ஹெர்ட்ஸில் அது 10 மில்லிநொடிக்கு ஒருமுறை. இரண்டு மில்லிநொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சிக்னலில் அந்தக் கணம் எது சிக்குகிறதோ அதுதான் விளைவு. சுற்றை 1 நொடியாக நீட்டினால் அதற்குள் 100 அரைச்சுற்றுகள் வரும். ஒரு சதவீதப் படியில் வெப்பத்தை நிதானமாகக் கூட்டலாம், குறைக்கலாம். சாதாரண ரிலேவை இங்கே மாட்ட வேண்டாம். நொடிக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 86,400 இயக்கம். சிறு ரிலேக்களின் காண்டாக்ட் ஆயுளே ஒரு லட்சம் இயக்கம் என்ற அளவில்தான் இருக்கும்.

இந்த நீண்ட சுற்றை அமைப்பது சிப்பிலுள்ள 16 பிட் எண்ணியான டைமர்1. கணக்கு எளிது. போர்டின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை ப்ரீஸ்கேலர் (கடிகார வேகத்தைக் குறைக்கும் வகுப்பான்) 256ஆல் வகுத்தால் நொடிக்கு 62,500 எண்ணிக்கை. எண்ணுவது 0இல் தொடங்குவதால் எண்ணிக்கையின் உச்சத்தை வைக்கும் ஐசிஆர்1 ரெஜிஸ்டரில் 62,499. ப்ரீஸ்கேலரை மட்டும் 1024 ஆக்கினால் அதே எண்ணுக்குச் சரியாக 4 நொடி. ஃபாஸ்ட் பிடபிள்யூஎம்மில் டைமர்1இன் எல்லை ஏறக்குறைய 4.19 நொடி. டைமர்0, டைமர்2 இரண்டும் 8 பிட். அதே முறையில் 61 ஹெர்ட்ஸுக்குக் கீழே வராது. போதாததற்கு, டைமர்0ஐத் தொட்டால் நேரம் அளக்கும் மில்லிஸும் காத்திருக்க வைக்கும் டிலேயும் கெடும்.

பலரும் வழுக்குவது ரெஜிஸ்டர்களை, அதாவது சிப்பின் அமைப்பு எண்களை வைக்கும் இடங்களை, எழுதும் வரிசையில். முதலில் டைமர்1இன் முறையைத் தீர்மானிக்கும் டிசிசிஆர்1ஏ, டிசிசிஆர்1பி இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். ஆர்டுயினோ கோர் ஏற்கெனவே அங்கே 8 பிட் முறையை வைத்திருக்கும். பூஜ்யமாக்கியதும் வரும் சாதாரண முறையில் இருக்கும்போதே, பின் எந்த எண்ணில் அணையும் என்று சொல்லும் ஓசிஆர்1ஏஐ எழுதுங்கள்: 25 சதவீதத்துக்கு 15,624. பிறகு ஐசிஆர்1ஐ உச்சமாகக் கொள்ளும் ஃபாஸ்ட் பிடபிள்யூஎம்மான முறை 14: டபிள்யூஜிஎம்13, 12, 11 என்ற முறை பிட்கள் மூன்றும் 1, கூடவே 9ஆம் பின்னை டைமரோடு இணைக்கும் காம்1ஏ1 பிட். அதன் பின்புதான் ஐசிஆர்1. ஐசிஆர்1ஐ உச்சமாகக் கொள்ளும் முறை அமையாதவரை அதில் எழுத முடியாது. பழைய எண்ணே நிற்கும், அதிர்வெண் ஏன் தப்பு என்று தேடிக்கொண்டிருப்போம். எண்ணியின் நடப்பு எண் இருக்கும் டிசிஎன்டி1இல் 62,490 வைத்தால் முதல் சுற்று உடனே தொடங்கும். ப்ரீஸ்கேலருக்கான சிஎஸ்12 பிட் கடைசியில். 9ஆம் பின்னை அவுட்புட்டாக்க மறக்காதீர்கள். சர்வோ லைப்ரரியும் இதே டைமரைப் பிடிக்கும், இரண்டும் சேராது.

ஓசிஆர்1ஏவில் 0 போட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு எண்ணிக்கை நேரம், அதாவது 16 மைக்ரோநொடி, பின் ஹையில் இருக்கும். முழு ஆஃப் வேண்டுமானால் காம்1ஏ1ஐ எடுத்துவிட்டு பின்னை லோவாக்குங்கள். ஓடும்போது ஓசிஆர்1ஏஐ மாற்றுவதில் பயமில்லை. புதிய எண் அடுத்த சுற்றின் தொடக்கத்தில்தான் ஏறும். ஐசிஆர்1க்கு அந்தக் காப்பு இல்லை. கவுண்டர் தாண்டிவிட்ட எண்ணை அதில் எழுதினால் 65,535 வரை ஓடித்தான் திரும்பும். சுற்று நேரத்தை அடிக்கடி மாற்றுவதானால் முறை 15ஐ எடுத்து, ஓசிஆர்1ஏஐ உச்சமாக்கி, சிக்னலை 10ஆம் பின்னில் வாங்குங்கள்.

நான் மிக முக்கியமாக நினைப்பது வேறு. ஹார்டுவேர் பிடபிள்யூஎம் ப்ரோக்ராம் தொங்கினாலும் நிற்காது. சென்சாரைப் படிக்க ஆளில்லாமல் ஹீட்டர் காய்ந்துகொண்டே இருக்கும். ப்ரோக்ராம் தொங்கினால் சிப்பை ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கைக் கட்டாயம் இயக்குங்கள். ரீசெட் ஆனதும் பின் இன்புட்டாகி மிதக்கும், ஆகவே எஸ்எஸ்ஆர் இன்புட்டில் அதை லோவிலேயே பிடித்து வைக்க 10 கிலோஓம் புல்டவுன் ரெசிஸ்டர். எஸ்எஸ்ஆர் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகி ஆனிலேயே நின்றுவிடும். அதை எந்த டைமராலும் நிறுத்த முடியாது. ஹீட்டரோடு தொடராக, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு தெர்மல் ஃபியூஸ் போடுங்கள்.