ஏழாம் வகுப்புப் பிள்ளையின் ஷூ

காலை ஆறரைக்கு கிரவுண்டுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "சாப்பிட்டியாம்மா?" பாதிப் பேர் "டீ குடிச்சேன் டீச்சர்" என்பார்கள். இன்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ஜூனில் வாங்கிய கேன்வாஸ் ஷூவின் முனையை பிளேடால் வெட்டிவிட்டு, பெருவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, 400 மீட்டர் ஓடினாள். ஷூ கிழியவில்லை, கால் வளர்ந்துவிட்டது.

பெண் பிள்ளைகள் மளமளவென்று உயரும் வேகம் சுமார் 12 வயதில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் பெரியவளாவதற்குக் கொஞ்சம் முன்னால். அப்போது எலும்புக்கும் ரத்தத்துக்கும் சத்து வேண்டும், ஓட்டத்துக்கும் வேண்டும், வீட்டில் இருப்பதோ அதே சோறுதான். 2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, உடம்பு அதிகம் கேட்கும் வயதில் இவர்கள் அதைத் தாண்டி வந்துவிடுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்கினால் "ஸ்டாமினா இல்லை" என்று திட்டுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பாருங்கள், தயவுசெய்து.

மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியைப் பாட்டிதான் கூலி வேலை செய்து வளர்த்தார். வெறுங்காலில் ஓடத் தொடங்கிய பெண் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். எனக்கும் அது பெருமைதான், ஆனால் இன்னொரு பிள்ளை வெறுங்காலில் ஓடுவதைப் பார்க்க மனசு வரவில்லை.

அப்புறம், 4, 5 சைஸில் ஓடுவதற்கான ஷூ யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பழையதானாலும் பரவாயில்லை.